குமரேசன் விட்ட இடம்

குமரேசன் போன பிறகுதான் அவனுடைய முதல் நகைச்சுவை ஆல்பம் வெளிவரப்போகிறது. காலமெல்லாம் மேடையில் நின்று ஊரைச் சிரிக்க வைத்தவன், கடைசிப் பேச்சை மட்டும் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி தனியாகப் பதிவு செய்துவிட்டுக் கண்ணை மூடினான். கேட்டுச் சிரிக்க எதிரில் ஓர் ஆள் இல்லை.

அதை ஆல்பமாக்கும் பொறுப்பு பவித்ரன் தலையில் விழுந்தது. இருவரும் ஒரே குருவிடம் தொழில் கற்றவர்கள். பதிவில் ஒவ்வொரு ஜோக் முடிந்ததும் குமரேசன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர்கள், பழைய நிகழ்ச்சிகளின் சிரிப்பை எடுத்து அந்த இடைவெளிகளில் நிரப்பச் சொன்னார்கள். இரவல் சிரிப்புக்கு அவன் மனம் ஒப்பவில்லை. அப்படியே விட்டால், பாவம், ஒரு ஜோக்கும் எடுபடவில்லை என்று ஊர் நினைக்குமே என்ற பயமும் இருந்தது.

குருவான தமயந்தி அக்காவை ஸ்டுடியோவுக்கு அழைத்தான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் மேடையேறினால் கடைசி வரிசையில் உட்காருவார். கூட்டமே வயிறு வலிக்கச் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார். குமரேசன் இறங்கி வந்தால் ஒரே பேச்சுதான்.

"சொல்லிட்டு நில்லுடா. சிரிப்பு வர்றதுக்குள்ள ஏன் ஓடுற?"

அவன் எந்த மேடையிலும் அப்படி நின்றதில்லை.

"இந்த இடத்தையெல்லாம் என்ன பண்றது, அக்கா? சிரிப்பைப் போட்டு நிரப்பவா, வெட்டிடவா?" என்று கேட்டான் பவித்ரன்.

"முதல்ல போடு. கேப்போம்."

குமரேசனின் குரல் மெலிந்து வந்தது. "பழனிக்கு மொட்டை போடறேன்னு எங்கம்மா நேர்ந்துகிட்டாங்க. நான் டிமிக்கி குடுத்துக்கிட்டே இருந்தேன். முருகன் பாத்தாரு. கேன்சர் வார்டுக்கே ஆளனுப்பி மொட்டை போட்டுட்டாரு."

பவித்ரன் தன்னை மறந்து சிரித்தான். அவன் சிரித்து அடங்கவும் குமரேசன் அடுத்ததைத் தொடங்கவும் சரியாக இருந்தது.

"நின்னுட்டான்" என்றார் அக்கா.

கடைசி ஜோக்கைப் போடப் பவித்ரனுக்குக் கை வரவில்லை. அக்காவே எட்டி அழுத்தினார்.

"எங்க தமயந்தி அக்கா என் ஜோக்குக்கு ஒரு நாளும் சிரிச்சதில்ல. என் சாவுல அவங்க கண்ணுல தண்ணி வந்தா தப்பா நினைச்சுக்காதீங்க. பழைய ஜோக் ஏதாவது அப்பதான் புரிஞ்சிருக்கும்."

பிறகு அவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா சிரித்தார். அவர் சிரித்துப் பவித்ரன் பார்ப்பது அதுவே முதல் தடவை. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அது அடங்குமுன் "சரி, வரட்டுமா" என்று குமரேசன் முடித்துக்கொண்டான்.

பவித்ரன் மெதுவாகக் கேட்டான்.

"மத்ததைத் தொடலக்கா. கடைசியில மட்டும் ரொம்ப நேரம் சும்மா இருக்கான். கொஞ்சம் குறைக்கட்டுமா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்டா. எனக்கு அதுவே பத்தல."