கரடி டீச்சரும் தொடுதிரையும்

ஒரு காட்டில், குழந்தைகளே, பள்ளிக்கூடம் ஒன்று நடந்துவந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று சிரிக்காதீர்கள். எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தின்றால் வயிறு வீங்கும் என்று மான்குட்டிக்கும் கீரிப்பிள்ளைக்கும் யாராவது சொல்லித்தர வேண்டாமா?

அங்கே புங்கமரத்தடி வகுப்புக்கு ஒரு கரடிதான் டீச்சர். பெயர் பேச்சி. அவர் பாடம் சொன்னால் குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஆனால் பெரியவர்கள் நடுவில் வாய் திறக்க அவருக்குப் பொல்லாத கூச்சம்.

பக்கத்து மரத்தடி வகுப்புக்கு வாத்தியார் பவளன் என்ற கிளி. அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமே கிடையாது. நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள், நாள் பூராவும் சொல்லுவார்.

ஒருநாள் கல்வி அதிகாரியான யானையம்மா ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தொடுதிரை அனுப்பிவைத்தார். பலகை மாதிரி இருக்கும். வெயிலில் வைத்தால் உயிர் வரும், தொட்டால் படம் ஓடும். கூடவே ஓர் உத்தரவும் வந்தது.

"அடுத்த பௌர்ணமியன்று பார்வையிட வருவேன். தொடுதிரையில் பாடம் நடத்தத் தெரியாதவர்களுக்கு மொட்டைப்பாறைப் பள்ளிக்கு மாற்றல்!"

மொட்டைப்பாறை என்றால் மலைக்கு அந்தப் பக்கம். பேச்சி டீச்சருக்கோ வீட்டில் பால்குடி மறக்காத குட்டிகள் இரண்டு. தூக்கிக்கொண்டு மலை ஏறவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பெற்ற மனசு என்ன பாடுபடும், பாவம்!

ஆசிரியர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கத் தாண்டவன் என்ற குரங்கு வந்தார். நல்லவர்தான். என்ன, எல்லாவற்றிலும் ஒரு பறப்பு. திரையின் முன்னால் குந்திக்கொண்டு விரல்களைப் படபடவென்று ஓட்டினார்.

"இதோ, இதைத் தொடணும். அப்புறம் இதை. இப்படித் தள்ளணும். அவ்வளவுதான்! புரிஞ்சுதா?"

பேச்சி டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் குரங்கின் முதுகு மட்டும்தான். ஓரக்கண்ணால் கிளியைப் பார்த்தார். கிளி தலையாட்டினார். சரி, நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது என்று அவரும் தலையாட்டினார். கரடி ஆட்டியதைப் பார்த்து முயல் வாத்தியார் ஆட்டினார். அவரைப் பார்த்து மான் டீச்சரும் ஆட்டினார்.

"யாருக்காவது சந்தேகம்?"

மூச்! ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பிரமாதம்! எல்லாரும் பலாச்சுளை சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குரங்கு கிளைக்குக் கிளை தாவிப் போய்விட்டார்.

மறுநாள் பேச்சி டீச்சர் தனியாக உட்கார்ந்து திரையைத் தொட்டார். கரடிக்கு விரலுக்கு முன்னால் நகம் நிற்கும், தெரியுமல்லவா? அது கிர்ரென்றது. படம் மட்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு கோடு விழுந்தது.

"ஐயையோ, கீறல்! இதற்கு வேறு பதில் சொல்லணுமே!" என்று பதறித் தேக்கிலையில் சுற்றி வைத்துவிட்டார்.

அப்புறம் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கிளியிடம் போனார்.

"பவளன் சார், அந்தத் திரையை எப்படி ஓட்டுறதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

"என்ன டீச்சர், இதுகூடவா தெரியாது? சின்ன விஷயம்!"

"சின்ன விஷயம்னா ஒரு தடவை காட்டுங்களேன், சார்."

"இப்போ நேரமில்லை, டீச்சர். தலைக்கு மேலே வேலை கிடக்கு" என்று கிளி விருட்டென்று பறந்துவிட்டார்.

பேச்சி டீச்சர் தொங்கிய முகத்தோடு வகுப்புக்குத் திரும்பினார். குட்டிகள் இலைச் சுருளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

"டீச்சர், இதுக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டது மான்குட்டி.

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். பேச்சி டீச்சருக்கு என்னவோ மனசு வரவில்லை. இலையைப் பிரித்து வெயிலில் வைத்தார்.

"இது தொடுதிரை. இதிலே படம் காட்டிப் பாடம் நடத்தணுமாம். நிஜத்தைச் சொல்லட்டுமா கண்ணுகளா? எனக்கு இதை ஓட்டத் தெரியலை."

"ஹை! அப்போ இன்னைக்கு டீச்சரும் எங்களோட படிக்கப்போறாங்க!" என்று மான்குட்டி துள்ளியது.

அதைக் கேட்டதும் பேச்சி டீச்சருக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. முழங்கையால் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. புறங்கையால் தடவினார், ஊஹூம்! கரடிக்குக் கண்பார்வை மட்டு. என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கக் குனிந்தார், இன்னும் குனிந்தார். ஈர மூக்கு திரையில் பட்டது.

பளிச்சென்று படம் வந்தது!

"மூக்கு, டீச்சர், மூக்கு!" என்று வகுப்பே குதித்தது.

அன்றிலிருந்து தினமும் மூக்கால் பாடம்தான். எளிதாக வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். ஒருநாள் படம் தலைகீழாக நின்றது. ஒருநாள் இடி மாதிரி சத்தம் வந்து மயில்குஞ்சு புதருக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. டீச்சரும் சிரித்தார், குட்டிகளும் சிரித்தன. சிரித்துக்கொண்டே எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டார்.

பௌர்ணமியும் வந்தது. காலையிலேயே யானையம்மா அசைந்து அசைந்து வந்து புங்கமரத்தடியில் நின்றார். விதை முளைக்கும் பாடம். வேர் இறங்கியது, தண்டு நிமிர்ந்தது, இலை விரியும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

"நின்னுபோச்சு. கொஞ்சம் பொறுங்க அம்மா, இது இப்படித்தான் அடம்பிடிக்கும்" என்றார் பேச்சி டீச்சர். மூக்கால் இங்கே ஒரு தொடல், அங்கே ஒரு தொடல். இலை விரிந்தது. யானையம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அடுத்தது கிளியின் வகுப்பு.

"உங்க தொடுதிரை எங்கே, பவளன்?"

"பத்திரமா... பொந்துக்குள்ளே இருக்கு, அம்மா."

யானையம்மா துதிக்கையை நீட்டி எடுத்தார். வந்த அன்று இருந்த மாதிரியே வாழைநார் சுற்றிக் கட்டியிருந்தது. கிளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, தொட்டுப் பார்த்தேன், அலகுக்கு அசையலை. பழுதாக்கிட்டேனோன்னு பயந்து மறுபடி கட்டிவச்சுட்டேன். யார்கிட்டேயும் சொல்ல வெட்கமா இருந்தது" என்று கிளி விம்மினார்.

"அப்படியானால் உங்களுக்கு மொட்டைப்பா..."

"அம்மா!" என்று யாரோ குறுக்கிட்டார்கள். யார் தெரியுமா? பெரியவர்கள் நடுவில் வாயே திறக்காத நம் பேச்சி டீச்சர்தான்! "அவர் மட்டும் இல்லைங்க அம்மா. புரியாமலே நானும்தான் தலையாட்டினேன்."

யானையம்மா குரங்கைக் கூப்பிட்டனுப்பினார்.

"எல்லாரும் புரிஞ்சுதுன்னு தலையாட்டினாங்களே அம்மா!" என்றார் தாண்டவன்.

"இருக்கட்டும். அன்னைக்குத் திரையைத் தொட்டது யார்?"

"நான்தான்."

"வேறே யாராவது தொட்டாங்களா?"

குரங்கு தலையைச் சொறிந்தார்.

யானையம்மா பெருமூச்சு விட்டார். "உன்னைச் சொல்லி என்ன? மாற்றல், மாற்றல்னு நான் மிரட்டினால் யார்தான் தெரியாதுன்னு சொல்லுவாங்க? அந்த உத்தரவு ரத்து. நாளைக்கே மறுபடி பயிற்சி. ஆனால் தாண்டவா, நீ கையைக் கட்டிக்கிட்டுத்தான் சொல்லித்தரணும். திரையிலே உன் விரல் படக்கூடாது!"

மறுநாள் குரங்கு இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பாவம், விரல் துறுதுறுவென்று அரித்தது!

"இதைத் தொடணும். புரிஞ்சுதா?"

யாரும் தலையாட்டவில்லை. கிளி முன்னால் வந்தார்.

"புரியலைங்க. அலகாலே தொட்டால் வேலை செய்யலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்கும் புரியலை" என்றார் முயல் வாத்தியார். "எனக்கும், என் குளம்புக்கும்!" என்றார் மான் டீச்சர்.

"ஈரமா, மெத்துன்னு ஏதாவது இருந்தால் போதும், சார். உங்ககிட்டே நாக்கு இருக்கே!" என்றார் பேச்சி டீச்சர்.

கிளி நாக்கை நீட்டித் திரையைத் தொட்டார். பளிச்!

கீ கீ என்று கத்திக்கொண்டே பவளன் சார் மரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார். அப்புறம் நேராகத் தன் வகுப்புக்குப் பறந்தார்.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆசிரியருக்கே புதிய கருவி வசப்படும், அதைப் பயமில்லாமல் சொல்ல விடுவது மேலே இருப்பவர்கள் பொறுப்பு.