வெயில் நாட்டுக்கு வந்த கம்பளி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்மணற்புரி என்று ஒரு நாடு இருந்தது. சூரியன் வீடு கட்டிக் குடியிருப்பதே அங்கேதானோ என்று நினைக்கத் தோன்றும், அப்படி ஒரு வெயில். அந்த நாட்டைக் கந்தர்ப்ப வழுதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்றைக் கேட்பார், மத்தியானம் அதையே வேண்டாம் என்பார்.

மேற்கே வெகுதொலைவில், மேகங்களுக்கும் மேலே இருந்த பனிமலை நாட்டின் ராஜா அவருக்குச் சிநேகிதர். அவர் ஒரு தூதனிடம் பரிசு கொடுத்தனுப்பினார். பெரிய கம்பளித் துணி. சாயம் ஏறாத வெள்ளை.

"கோடை முடிவதற்குள் திரும்ப வருவேன் மகாராஜா," என்றான் தூதன். "இது உங்கள் நாட்டில் எதற்குப் பயன்பட்டது என்று எங்கள் ராஜா பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்."

அன்று மத்தியானம் ராஜா அந்தத் துணியில் கன்னத்தை வைத்துக் கண்ணயர்ந்தார். கனவு வந்தது. வெள்ளையான ஒரு தேசம். சத்தமே இல்லை. ஆகாயத்திலிருந்து வெண்மையாக ஏதோ பூப்போல இறங்கிக்கொண்டே இருந்தது. கையை நீட்டினால் கையில் விழுந்து காணாமல் போனது.

கண்டதை எல்லோரிடமும் சொன்ன ராஜாவுக்கு அதற்குப் பிறகு சபையில் மனம் செல்லவில்லை. யாராவது வழக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், "கொஞ்சம் நிறுத்து. ஏதோ மெதுவாக விழுகிற மாதிரி இல்லை?" என்று மேலே பார்ப்பார்.

சபையில் தாண்டவராயர் என்று ஒரு பிரபு. மந்திரி மங்கைபாகருடைய ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அவர் ராஜாவிடம் நைசாகச் சொன்னார்: "துணியைப் போர்த்திக்கொண்டு யானைமேல் பவனி வாருங்கள். கனவு உடம்போடு ஒட்டிக்கொள்ளும்."

"மகாராஜா, இந்த வெயிலிலா?" என்றார் மந்திரி.

"மந்திரிக்கு மகாராஜாவின் கனவு பிடிக்கவில்லை போலிருக்கிறது," என்றார் தாண்டவராயர்.

அவ்வளவுதான், ராஜா புறப்பட்டுவிட்டார். இரண்டாவது தெரு திரும்புவதற்குள் மயங்கிச் சாய்ந்தார். ஆட்கள் அவரை இறக்கி, கம்பளியை உருவித் தூக்கி எறிந்துவிட்டு, அரண்மனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எறிந்த கம்பளி தண்ணீர்ப்பந்தலில் ஒரு செப்புக்குடத்தின் மேல் விழுந்து அதை முழுக்க மூடிக்கொண்டது.

சாயங்காலம் மங்கைபாகர் துணியை எடுக்க வந்தார். மற்றச் செப்புக்குடங்களில் தண்ணீர் கொதித்துக் கிடந்தது. கம்பளி மூடியிருந்த குடத்தில் கையை விட்டார். விடியற்காலையில் கிணற்றில் இறைத்த குளிர்ச்சி அப்படியே இருந்தது. அவர் கையை எடுக்காமல் நெடுநேரம் அங்கேயே நின்றார்.

மறுநாள் ராஜா கோபத்தோடு சபைக்கு வந்தார். தாண்டவராயர் அவர் காதில் ஏதோ ஓதியிருந்தார்.

"மங்கைபாகரே, தூதன் வந்து கேட்டால் நான் மயங்கி விழுந்ததையா சொல்வது? இந்தத் துணியைக் கொண்டு என் கனவைக் கண்விழித்திருக்கும்போது காட்டும். முடியாவிட்டால் உம்முடைய ஆசனம் தாண்டவராயருக்கு."

மந்திரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் துணி ஒருமுறை வண்டியேறித் தன் ஊருக்குப் போய்வரட்டும் மகாராஜா. வரும்போது பனியைச் சுற்றி எடுத்துவரும்."

தாண்டவராயர் சிரித்தார். "பனியைக் கம்பளியில் சுற்றியா? மகாராஜாவையே வேகவைத்த துணி. பனி எம்மாத்திரம்? நனைந்த துணிதான் வந்து சேரும்."

"வந்து சேர்ந்தால்?"

"வருஷாவருஷம் அந்த வண்டியோடு நானே போகிறேன்."

"சபை கேட்டுக்கொண்டது," என்றார் ராஜா.

வண்டி போயிற்று. ராஜா மாடத்தில் நின்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டில் கன்றுக்குட்டி அளவுக்குப் பனிப்பாளம் வெட்டிச் சுற்றினார்களாம். திரும்பும் வழியெல்லாம் அது சொட்டிச் சொட்டிக் கரைந்தது. சபையில் கம்பளியை மடிப்பு மடிப்பாகப் பிரித்தபோது நடுவில் ஒரு தேங்காய் அளவு மிஞ்சியிருந்தது. அதிலிருந்து வெண்புகை எழுந்து தரையில் தவழ்ந்தது. தாண்டவராயர் தலைகுனிந்தார்.

ராஜா அதை இரண்டு கையாலும் ஏந்தினார். "சூடு தருகிற துணி இதை எப்படிக் காப்பாற்றியது?"

"கம்பளி சூடு தருவதில்லை மகாராஜா. உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மனுஷரைப் போர்த்தினால் சூடு தங்கும், பனியைப் போர்த்தினால் குளிர் தங்கும்."

கையிலேயே அது கரைந்துகொண்டிருந்தது. ராஜா பதறி, "மறுபடி சுற்றுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்," என்றார்.

அப்போது வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து பூக்காரி வடிவாள் முன்னே வந்தாள். தோளில் அவள் மகள், காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாள். "சாமி, இதில் ஒரு துளி கொடுங்க. பிள்ளை உடம்பு நெருப்பாய்க் கொதிக்குது."

ராஜா பனியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு தாமே இறங்கிவந்து, அதைத் தம் மேல்துண்டில் பொதிந்து, குழந்தையின் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நீர் வழிந்து அவர் முழங்கை வரை ஓடியது. முழுதும் கரைந்து முடியும் தறுவாயில் குழந்தை கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, மழையா?"

ராஜா குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "துணி வைத்தியசாலைக்கு," என்றார். "கோடைதோறும் மலைக்குப் போய்வரட்டும்." தம் முத்துமாலையைக் கழற்றி மங்கைபாகர் கழுத்தில் போட்டார்.

தூதன் வந்தபோது கம்பளி வைத்தியசாலைக் கொடியில், கறைபட்டு, மாட்டு வாடையோடு காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அடுத்த கோடையில் தாண்டவராயர் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஏறினார். திரும்பி வந்தவர் தம் தோளையே தடவிக்கொண்டிருந்தார். ஆசனத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார். ராஜா அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, "விழுந்ததா?" என்று கேட்டார்.

"விழுந்தது மகாராஜா. ஒரு மரத்தடியில் நின்றேன். சத்தமே இல்லாமல் என் தோளில் வந்து உட்கார்ந்தது..."

தாண்டவராயர் சொல்லிக்கொண்டே போனார். அன்று சபையில் விசிறி வீசுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முடித்ததும் ராஜா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"முதலிலிருந்து சொல்லும்."