உப்பில்லாப் பத்தியம்

“இனிமே அந்தப் பொம்பளைக்கு நான் மருந்து தர மாட்டேன்.”

தோட்டத்துக்குள் நுழையும்போதே சொர்ணலிங்கம் இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். முகம் சிவந்திருந்தது.

வைத்தியர் திரவியக்கனி முடக்கத்தான் கொடியில் இலை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக அவளிடம் வைத்தியம் படிக்கிறார். மூலிகைப் பாடல் இருநூறு மனப்பாடம். அதை நாலு பேர் காதில் விழும்படிதான் சொல்வார். கதை சொல்கிற எனக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

“எந்தப் பொம்பளை?”

“அமலோற்பவம். கால் பூரா வெடிப்பும் புண்ணுமா வந்தாளே, அவதான். நாப்பத்தெட்டு நாள் கசாயம் சொன்னேன். உப்பைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பன்னிரண்டாம் நாளே வாய் நிறைய உப்போட இருந்திருக்கா. பார்த்தவங்க வந்து சொன்னாங்க.”

“நீங்க என்ன செஞ்சிய?”

“விரட்டிட்டேன். எல்லார் முன்னாலயும்தான். வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு நோய் எப்படித் தீரும்னு கேட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“என்னத்தச் சொல்லுவா? தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.”

திரவியக்கனி அடுத்த இலைக்குக் கையை நீட்டினாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மூன்று வருடமாக உள்ளே வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நானும் பார்க்கேன், வைத்தியரம்மா. சளின்னு வந்தா தூதுவளை ரசம். மூட்டு வலின்னு வந்தா முடக்கத்தான் தோசை. வாய்ப்புண்ணுன்னா மணத்தக்காளிக் கீரை, அதுவும் தேங்காய்ப்பால் ஊத்தி! பசிக்கலைன்னா பிரண்டைத் துவையல். இது வைத்தியசாலையா, சாப்பாட்டுக் கடையா? ஒருத்தருக்காவது பத்தியம்னு ஒண்ணு சொல்லியிருக்கியளா? நான் சொன்னேன். நூல்ல உள்ளபடி சொன்னேன்.”

திரவியக்கனி இலைகளை முறத்தில் போட்டாள்.

“அவ என்ன வேலை பார்க்கா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“கேட்டியளா?”

“கேக்கலை.”

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். திரவியக்கனி கோபப்பட்டால் சத்தம் போட மாட்டாள். சத்தம் போட்டால்கூடத் தேவலை என்றிருக்கும்.

“உப்பளத்துல உப்பு வாருதா. காலையில ஆறு மணிக்கு அந்தத் தண்ணியில காலை வச்சா, ரெண்டு மணிக்குத்தான் எடுக்கா. நாலு நாள் போகலைன்னா அவ இடத்துக்கு வேற ஆள் வந்துரும். புருசன் இல்லை. ரெண்டு பிள்ளைய இருக்கு.”

“அப்படின்னா இன்னும் கவனமால்லா இருந்திருக்கணும்?”

சீடர் விடவில்லை. படித்தவர் அல்லவா.

“நாளைக்கு அவளுக்குப் பதிலா நீங்க போறிய,” என்றாள் குரு. “கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இப்பம் இருந்தே உங்களுக்கு உப்பு கிடையாது. நாளைக்குக் கஞ்சியும் உப்பில்லாமத்தான்.”

“ஒரு நாள்தானே!”

“ஒரு நாள்தான்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். தான் சொன்னதே சரி என்று காட்டிவிடும் வேகம் நடையில் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அளத்தில் இறங்கினார். சித்திரை மாதம். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பாத்திகள்தான். ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

பக்கத்துப் பாத்தியில் பேச்சித்தாய் என்ற பெண் நின்றாள். நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை எப்படி இழுத்து ஒதுக்குவது என்று அவள்தான் காட்டிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு மணி நேரம் சொர்ணலிங்கம் பாட்டுச் சொல்லிக்கொண்டே உப்பு வாரினார்.

எட்டு மணிக்குப் பாட்டு நின்றது.

ஒன்பது மணிக்குச் சட்டை நனைந்தது. பத்து மணிக்கு அது காய்ந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கால்விரல் இடுக்கெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது.

கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துத் தீர்த்தார்.

பதினொரு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

“ஒரு கல்லு உப்பை வாயில போடுங்க அண்ணாச்சி,” என்றாள் பேச்சித்தாய்.

“கூடாது.”

“விழுந்துருவிய.”

“விழ மாட்டேன்.”

விழுந்தார்.

கண் திறந்தபோது கொட்டகை நிழலில் கிடந்தார். வாயெல்லாம் உப்புக் கரித்தது. பேச்சித்தாய் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டேதான் புகட்டினாள்.

“உங்களுக்கெல்லாம் என்ன கேடு? போன வாரம் அமலோற்பவம் இதே இடத்துல இப்படித்தான் விழுந்தா. வேண்டாம், பத்தியம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தா. நான்தான் தாடையைப் பிடிச்சுத் திறந்து உப்பைப் போட்டேன்.”

சொர்ணலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

“நீயா போட்ட?”

“பின்னே? சாகட்டும்னு விடச் சொல்லுதியளா? பதினோரு நாள் தாங்கினா அவ. பதினோரு நாளு! நீங்க மத்தியானம் வரைக்கும் தாங்கலை.”

“அவ ஏன் இதை எங்கிட்டச் சொல்லலை?”

“சொல்ல விட்டியளா?”

அவர் பலகையை ஊன்றிக்கொண்டு எழுந்து, மறுபடியும் பாத்தியில் இறங்கினார். இரண்டு மணி வரை வாரினார். யாரும் அவரை வாரச் சொல்லவில்லை.

சாயங்காலம் நேரே தோட்டத்துக்கு வந்தார். இந்த முறை கோபம் குருவின் மேல்.

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லலை? இந்தப் பாட்டையெல்லாம் நீங்கதானே படிக்கச் சொன்னிய!”

திரவியக்கனி கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வேலி ஓரத்துல குப்பைமேனி கிடக்கு. பறிங்க.”

“எவ்வளவு?”

“ரெண்டு காலுக்கு.”

அவர் பறித்தார். மஞ்சள் வைத்து அம்மியில் அவரே அரைத்தார். மூன்று வருடத்தில் அந்த அம்மியை அவர் தொட்டது அன்றைக்குத்தான். அரைக்கிறவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. பத்துப் பேர் முன்னால் தலை குனிந்து போனவளை நினைத்தால் எப்படித் தீரும்?

அரைத்ததைக் கிண்ணத்தில் வழித்து எடுத்துக்கொண்டு, அமலோற்பவத்தின் வீட்டுக்கு நடந்தார். இன்னொரு கையில் ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரை.

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“மருந்து கொண்டாந்தேன்,” என்றார்.

“இந்தத் தடவை எதை நிறுத்தணும்? புளியையா? இல்ல, சோத்தையே நிறுத்திரவா?”

அவள் குரல் நடுங்கியது. அழுகை இல்லை, ஆத்திரம்.

“உப்பு சாப்பிடு. புளி சாப்பிடு. மீனு சாப்பிடு. இந்தக் கீரையைப் பருப்புப் போட்டுக் கடைஞ்சு பிள்ளையளுக்கும் கொடு. இதைக் காலுல பூசு.” அவர் கிண்ணத்தை நீட்டினார். “பத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். அளத்துத் தண்ணி காலுல படக் கூடாது.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

“அப்போ வேலைக்குப் போகாதேன்னு சொல்ல வந்தியளாக்கும். என் இடத்துல எவன் நிப்பான்?”

“நான் நிக்கேன். கால் ஆறுற வரைக்கும்.”

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் வெள்ளை ஏறியிருந்தது. விரல் இடுக்குகள் பச்சைப் புண்ணாகச் சிவந்து கிடந்தன. பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் இறங்கியதாகத் தெரியவில்லை.

கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“காலையில உப்புப் போட்டுக் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”