ஐம்பது நாள் பழைய ஊர்

அந்தக் காலத்தில் மொரீசுத் தீவுக்குச் சென்னைத் தபால் மாதம் ஒரு கப்பலில்தான் வரும். ஒரு மாதத்துப் பத்திரிகை முழுவதும் ஒரே கட்டாக வந்து இறங்கும்.

அங்கே சர்க்கரை ஆலை ஒன்றின் வெள்ளைக்கார மானேஜர், தன் சீமைப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு காலைக்கு ஒன்றாகப் படிப்பார். அடுத்ததை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தலைமைக் குமாஸ்தா சொரிமுத்துப் பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. ஊரைவிட்டு வந்தவருக்குத் தினமும் ஊர் விடிந்தால் கசக்குமா? பதினொரு வருஷமாக அவரும் அப்படியே படித்தார். கடலில் இருபது நாள், கட்டுக்குள் முப்பது நாள் என்று, அவர் படித்த ஊர் எப்போதும் ஐம்பது நாள் பழையது. இதை ஒரு தவமென்றே நினைத்தார். நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் தவறவில்லை.

கப்பல் வந்த மறுநாள் காலை, பத்திரிகைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் பிள்ளைக்கு அவர்தான் குரு. சாமி அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளை விஷயத்தைச் சொன்னார். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டது என்று இன்றைக்குப் படித்த பத்திரிகையில் போட்டிருக்கிறது. மகள் வடிவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. இந்தக் கப்பலில் அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த பத்திரிகையைப் பிரிக்கக் கை பரபரக்கிறது.

“கட்டை நீங்க வச்சுக்கிடுங்க சாமி. நாளைக்கு ஒண்ணு தந்தாப் போதும். நான் தோத்துரக் கூடாது.”

“யார்கிட்ட?”

“பதினொரு வருஷத்து விரதம் சாமி,” என்றார் பிள்ளை.

“அடுத்த பேப்பர்ல என்ன இருக்கும்?”

“செத்தவங்க பேரு இருக்கும்.”

“வடிவு பேரு இருந்தா?”

“அது நாளைக்குத் தெரியட்டும்.” பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சாமி கையை நீட்டிக் கட்டை வாங்கினார். பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சாமி சணல் கயிற்றை அரிவாள்மணையில் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பத்திரிகைகள் பிள்ளையின் காலடியில் சரிந்தன.

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருக்கு விரதம் மறந்துபோயிற்று.

“தெரிஞ்சிட்டா நான் தாங்க மாட்டேன் சாமி. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுருங்க.”

சாமி அடுத்த தேதிப் பத்திரிகையைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தார்.

“உங்க மக நனைஞ்சு ஐம்பது நாளாச்சு பிள்ளைவாள். நீங்க இன்னும் நனையவே இல்லை.”