பனைவில்லுக்கு ஓர் ஆமா

"இன்னும் எத்தனை கொடைக்கு நான் ஆமா போடணும்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

கல்லடி மாடன் கோயில் கொடைவிழாப் பந்தல். வில்லுப்பாட்டு தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது.

எதிரே பூமயில். பாட்டுக் குழுவின் தலைவி. வயதில் அவரைவிடச் சின்னவள், வித்தையில் குரு. அவர் அவளைப் புலவரே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஊருக்கு இது பழகிவிட்டது.

"பனை என் விளையில வளர்ந்த பனை. வில் நான் செதுக்கினது. நாண் நான் கட்டினது. அடிக்கிற கோல் ரெண்டும் மட்டும் உங்க கையில. நீங்க பாடுற வரிக்கெல்லாம் நான் ஆமா, ஆமா. இதுக்கு ஒரு கிளி போதுமே."

"கிளி வெத்திலை மடிச்சுத் தராதே."

குடம் அடிப்பவர் சிரித்தார். தாணுலிங்கம் சிரிக்கவில்லை.

"கோலை எப்போ தருவிய?"

பூமயில் வில்லின் முதுகைத் தடவினாள்.

"இந்தப் பனையை எப்படி எடுத்திய?"

"தட்டிப் பார்த்துத்தான். வைரம் பாஞ்சதுன்னா கணீர்னு கேக்கும். ரெண்டு மரம் பொத்துப் பொத்துன்னுச்சு. வேண்டாம்னுட்டேன். வெட்ட வந்த பனையேறிக்குக்கூடக் கோவம். அதுக்காக உளுத்ததை வெட்ட முடியுமா?"

"போன கொடையில மாடனோட வெள்ளைக் குதிரையைக் கருப்புன்னு பாடினேன்."

"தெரியும்."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஆமான்னேன்" என்றார் தாணுலிங்கம். வெத்திலையை எடுத்து மடித்தார்.

"வெத்திலையைக் குடுங்க அண்ணாச்சி. நேரமாச்சு."

உச்சிவேளைக் கொடை. குடத்தின் மேல் வில். கோல் நாணில் விழுந்தது, மணிகள் குலுங்கின. ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வெள்ளத்தில் குளத்தங்கரை உடைந்தது. மாடன் குறுக்கே படுத்து உடைப்பை அடைத்தான். ஊர் பிழைத்தது. அவன் திரும்பவில்லை. அதனால்தான் கோயில்.

பூமயில் பாடினாள்:

"உடைப்பை அடைத்த மாடன், விடியும் முன்னே வீடு வந்தான்!"

"ஆமா" தாணுலிங்கத்தின் தொண்டை வரை வந்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையில் குருவை மறுத்தவனை எந்தக் குழுவும் சேர்க்காது. கோல் என்ன கோல், இருக்கிற ஆமாவும் போய்விடும்.

"இல்லை" என்றார்.

குடம் நின்றது.

"வரலை, புலவரே. மாடன் வரலை. அவன் அம்மை சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு இருந்தா. சோறு ஆறிப்போச்சு. அவன் வரலை."

பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள்.

பூமயில் இரண்டு கோலையும் அவர் மடியில் வைத்தாள். எழுந்து வந்து, அவரை வில்லின் முன்னே நகர்த்திவிட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றாள்.