வெள்ளத்துக்குக் கொடுத்த படகுகள்

கேளுங்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு சிறு நாடு இருந்தது. மருதவாணன் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான். நல்லவன், குடிகள்மேல் அன்புள்ளவன்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு ஆறுகளும் சேர்ந்து பெருகின. "யாருடைய படகையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையை எனக்குத் தாருங்கள்" என்றான் அரசன். மக்கள் மனமாரத் தந்தார்கள். காவலர்கள் அந்தப் படகுகளில் போய் எல்லோரையும் மீட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வெள்ளம் வடிந்தது. உரிமை மட்டும் அரசனிடமே தங்கிவிட்டது.

வேட்டைக்குப் படகு எடுத்தார்கள். திருவிழாவுக்கு எடுத்தார்கள். அமைச்சரின் மாமனார் வீட்டு விருந்துக்கும் எடுத்தார்கள். சில படகுகள் உடைந்து வந்தன, சில வரவே இல்லை. கேட்கப் போனவர்களை வாயிற்காவலர்கள் விரட்டினார்கள்.

மறுபடியும் வெள்ளம் வந்தது. முரசு அறைந்தார்கள்; ஒரு படகும் வரவில்லை. மக்கள் தங்கள் படகுகளை நாணலுக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். காவலர்கள் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் குயவர் தெரு முழுகிவிட்டது. இறந்தவர்களில் படகோட்டி நல்லக்காளின் தங்கையும் ஒருத்தி.

இடுப்பளவு நீரில் நின்று அரசன் நல்லக்காளிடம் கேட்டான்: "அம்மா, படகை ஏன் ஒளித்தாய்?"

"ஒளித்தது தப்புதான், அரசே. அதற்கு என் தங்கையையே பறிகொடுத்துவிட்டேன்" என்று நல்லக்காள் அழுதாள். "ஆனால் முன்பு கொண்டுபோன படகு திரும்பி வந்திருந்தால் நான் ஏன் ஒளிக்கப்போகிறேன்? வரவில்லையே என்று கேட்க எங்களுக்கு ஓர் இடம் இருந்ததா?"

நீர் வடிந்ததும் அரசன் மக்களைக் கூட்டினான். "இனி வெள்ளத்துக்கு மட்டுமே படகு எடுப்பேன். வடிந்ததும் திருப்பித் தருவேன். தவறினால் என்னை மன்றத்தில் நிறுத்திக் கேளுங்கள். நான் பதில் சொல்லியாக வேண்டும்."

அமைச்சர் பதறினார். "இப்படிக் கையைக் கட்டிக்கொண்டால் ஆபத்துக்காலத்தில் என்ன செய்வீர்கள்?"

"கை கட்டாமல்தானே இந்த முறை இருந்தேன்! யாரைக் காப்பாற்றினேன்?" என்றான் அரசன்.

அடுத்த கோடையில் இளவரசன் மீன் பிடிக்க ஒரு படகை எடுத்துப் போனான். ஊரார் அரசனை மன்றத்துக்கு அழைத்தார்கள். உள்ளுக்குள் கூசினாலும் அவன் வந்தான், எல்லார் முன்னும் நின்றான், தவறு என்று ஒப்புக்கொண்டான். இளவரசனே அந்தப் படகை ஓட்டிவந்து உரியவரிடம் சேர்த்தான்.

மூன்றாம் முறையும் ஆறுகள் பெருகின. முரசொலி அடங்கும் முன்பே படகுகள் கரையில் வரிசையாக நின்றன. துடுப்போடு முன்னால் நின்றவள் நல்லக்காள்.

ஆள்பவரின் அதிகாரத்துக்கு எல்லையும், கேட்டால் பதில் சொல்லும் கடமையும் இருந்தால்தான் மக்கள் அதை நம்பிக் கொடுப்பார்கள்.