தாரிணி அம்மையின் எள்சாறு

மலைச்சரிவில் இருந்த அந்தப் பௌத்த மடத்துக்கு அம்பலவாணன் துறவு தேடி வரவில்லை. ஒரு நாக்கைத் தேடி வந்தார்.

ஊரில் அவர் பெரிய கல்யாணச் சமையல்காரர். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, அவர் தலையாட்டினால்தான் பந்தியில் இலை விழும். அப்படிப்பட்டவர் ஒருமுறை மலை ஏறிய களைப்பில் மடத்தில் சாப்பிட உட்கார்ந்தார். வெள்ளரி, முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, எல்லாமே பச்சை. ஆடு தின்கிற தீனி என்று உதட்டைச் சுளித்தார். மடத்தின் தலைவி தாரிணி அம்மை எதிரே உட்கார்ந்து எதையோ கலக்கி அதன்மேல் ஊற்றினார். ஒரு வாய் வைத்ததும் அம்பலவாணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கடல் தாண்டிக் கீழை நாட்டிலிருந்து வந்த குரு ஒருவர் மடத்துக்குக் கற்றுத் தந்த எள்சாறு அது. செக்கு நல்லெண்ணெய், அரிசியைப் புளிக்கவைத்து எடுத்த காடி, சோயா சாஸ், இடித்த இஞ்சி, மலைத்தேன், வறுத்த எள். அவ்வளவுதான். இதற்கா இந்த ருசி! பதம் பார்த்தது மனுஷ நாக்கே இல்லை, தெய்வ நாக்கு என்று அவருக்குத் தோன்றியது. அண்டா குண்டாக்களைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து அம்மையின் காலில் விழுந்தார். அம்மை அவரைவிட வயதில் மிகவும் சிறியவர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"என்ன வேணும் ஐயா?"

"உங்க நாக்கோட ரகசியம் வேணும்மா."

அம்மை சிரித்தார். "சரி, இஞ்சி இடிங்க."

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பார்கள். திரும்பவும் அடுக்களைதான். ஆனாலும் மனுஷன் சுணங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எள்சாறு அவர் கைக்குப் படிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தாமோதரன் என்பவர் தன் மனைவி செண்பகவல்லியை மடத்துக்குக் கூட்டி வந்தார். மகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் பேசவில்லை. தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. இப்படியே விட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஐயா, அவங்களுக்கு ஒரு வாய் கொடுங்க," என்றார் அம்மை.

அம்பலவாணன் எள்சாறு கலக்கினார். உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். அப்பழுக்கில்லாத பதம். வெள்ளரியில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறாகக் கலக்கிக் கொண்டுவந்தார். அதற்கும் அப்படியே. தாமோதரன் சுவரில் சாய்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ருசியில குறையே இல்லம்மா," என்றார் அம்பலவாணன். "ஆயிரம் பேர் பந்திக்குப் பதம் சொன்ன நாக்கு இது."

அம்மை இஞ்சி இடிக்கும் கல்வத்தையும் சாமான்களையும் எடுத்துவந்து செண்பகவல்லியின் எதிரில் உட்கார்ந்தார். இஞ்சியைத் தட்டினார். அவள் மூக்கு லேசாக விரிந்தது. இன்னொரு துண்டு தட்டினார். சோயா சாஸைத் திறந்தார். அவள் புருவம் சுருங்கியது. மூடி ஓரமாக வைத்துவிட்டார். காடி ஜாடியைத் திறந்தார். அவள் எச்சில் விழுங்கினாள். தாராளமாக ஊற்றினார். எண்ணெய், தேன், எள் எல்லாம் சேர்ந்தன. அத்தனை நேரமும் அம்மை கல்வத்தைக் குனிந்து பார்க்கவேயில்லை. அம்பலவாணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அம்மை ஒரு வெள்ளரித் துண்டைத் தோய்த்து நீட்டினார். செண்பகவல்லி வாங்கி நுனியைக் கடித்தாள்.

"புளிப்பு பத்தல," என்றாள்.

தாமோதரன் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அம்மை இன்னும் கொஞ்சம் காடி விட்டார். செண்பகவல்லி அழுதுகொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியானது.

அவளைப் படுக்க வைத்த பிறகு அம்பலவாணன் கல்வத்தில் மிஞ்சியதை வழித்து வாயில் வைத்தார். பல் கூசியது. உடம்பே ஒருமுறை உதறியது.

"அம்மா, வாயில வைக்க முடியலியே! நீங்க ருசி பார்க்கலையா?"

"எனக்கு ருசி தெரியாதுய்யா."

"என்னம்மா சொல்றீங்க?"

"சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட நாக்கு செத்துப்போச்சு. உப்பும் ஒண்ணுதான், சர்க்கரையும் ஒண்ணுதான்."

எந்த நாக்குக்காக வீட்டையும் தொழிலையும் விட்டு வந்தாரோ அந்த நாக்கே இல்லை. அம்பலவாணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அன்னிக்கு எனக்குக் கலக்கினது?"

"உதட்டைச் சுளிச்சீங்க. கொஞ்சம் தேன் கூட விட்டேன்."

அவர் கை தானாகக் குவிந்தது.

"எனக்கு நல்ல நாக்கு இருக்கேம்மா. இருந்தும் அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு தெரியாமப் போச்சே?"

அம்மை கல்வத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நீங்க உங்க நாக்கைக் கேட்டீங்க. எனக்குக் கேக்கறதுக்கு நாக்கு இல்ல ஐயா. அவங்களைத்தானே கேட்டாகணும்?"